பார்வை விலங்கு

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி, சிவகிரிப் பக்கத்து மலைச்சரிவுகளில் வாழும் கடமானை அப்பகுதியார் மிளா என்பர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் மான் வேட்டை குற்றமாயிற்று. அது நன்றே. எனினும், அத்தொழிலின் நுட்பம் அறியாதார்க்குச் சங்கப் பாடல் சில விளங்காமற் போகின்றன.

வட அமெரிக்க வேட்டுவர், புணர்ச்சிப் பருவத்து ஆண்மானைப் பிணையின் குரலொலித்தும், கொம்போடு கொம்பு மோதியும் அருகே வருவிப்பர். இரு கலைகள் பொருகின்றன என மயங்கி மூன்றாவது கலை ஓடி வரும். மான் குழலிசைக்கும் பாட்டிற்கும் மயங்கிப் பிடிபடும் என அரிசுடாட்டிலும் எழுதினார். இசையால் ஈர்த்துக் கொல்லுதலைத் தமிழர் அசுணத்தின்மேல் ஏற்றிக் கூறினர். நற்றிணை 304ஆம் பாட்டும் கலித்தொகை 143ஆம் பாட்டும் காண்க. கலித்தொகை அவ்விலங்கை மான் என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. ஆயினும் அரிமா, பரிமா முதலியவற்றிற்கும் பொதுவாய் வழங்கும் அச்சொல்லைக் கொண்டு அசுணத்தை மானினம் என முடிவு செய்தல் கூடாது.

மானுக்குத் தமிழ் வேட்டுவர் கொண்ட கருவி ஓசையன்று, பழக்கிய பிணையே. அதன் பெயர் பார்வை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முற்றத்து விளாமரத்தின் அடி, பார்வைமான் கட்டப்பெற்றுத் தேய்ந்து கிடக்கிறது. ஒருநாள் இருநாட் கட்டினால் மரம் தேயுமா? நெடுங்காலத் தொழில் என்பதற்கு அத்தேய்வே சான்று.

வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாட்டு வாகைத்திணை, வல்லாண்முல்லைத் துறையது. வேட்டுவன் அயர்ந்து துயில்கிறான். தனித்த கலையொன்று வந்து பார்வைப் பிணையைத் தழுவி விளையாடுகிறது. கண்ட மனைவி, கணவன் எழுவானோ என அஞ்சுகிறாள்; கலை பிணையை விட்டு நீங்குமோ எனவும் அஞ்சுகிறாள்; ஆதலின் அசையாது நிற்கிறாள். பார்வை என்பதை வளர்ப்பு மான் என்று மட்டும் கொண்டால் இஃது இனியதொரு காட்சியளவில் நின்றுவிடும். கலை வந்த அந்நொடிக்காகவே பிணை வளர்க்கப்பட்டது என உணர்ந்தால், அவள் காப்பது தன் குடியின் ஊதியத்திற்கு மாறானது எனத் தெளியலாம். அம்முற்றத்திலேயே மான்தோலின்மேல் தினை உலர்கின்றது என்பதையும் புலவர் மறைக்கவில்லை.

இதனைப் புலால் மறுத்தலுக்குச் சான்றாக்குவார் கூற்றுப் பொருந்தாது. அதே மனையில் பாணனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் சந்தன விறகில் சுட்ட ஊன் விருந்தாகிறது.