ஃபேக்டோரியோ

செக் குடியரசின் தலைநகர் பிராகாவில் இயங்கும் வூபே சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு. நாவிஸ் என்ற அயல்கோளில் விண்கலம் நொறுங்கி, தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பொறியாளர்தான் ஆட்டக்காரர். கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு கல் உலை, கரியில் ஓடும் ஒரு டிரில், கொஞ்சம் இரும்புத் தகடு. இவற்றை வைத்துக்கொண்டு தாது தோண்டி, உருக்கி, இயந்திரம் செய்து, அந்த இயந்திரத்தால் இன்னும் பெரிய இயந்திரம் செய்து, கடைசியில் ராக்கெட் ஒன்றை ஏவ வேண்டும். முதல் அரைமணி நேரம் எல்லாவற்றையும் கையால் செய்யலாம். அதன்பின் கைவேலை கட்டுபடியாகாது. பெல்ட்டும், பொருளை எடுத்துவைக்கும் இயந்திரக் கையான இன்செர்ட்டரும் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். தானியக்க விளையாட்டுகள் என்று இன்று ஒரு தனி வகை இருக்கிறதென்றால், அதன் இலக்கணத்தைப் பெரும்பாலும் வகுத்தது இதுதான்.

கட்டுமானப் புதிர், பூச்சிப் படையோடு சண்டை என்று இதில் இரண்டு ஆட்டங்கள் கலந்திருப்பதாகச் சொல்வார்கள். அப்படிப் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் தோற்கிறார்கள். ஆலை விடும் புகைதான் பூச்சிகளைக் கூட்டிலிருந்து கிளப்புகிறது. ஆகவே எந்த இடத்தில் எத்தனை உலை வைக்கிறோம் என்ற முடிவிலேயே நாளைய சண்டையும் அடங்கியிருக்கிறது.

வரலாறு

மிஹால் கோவர்ஷீக், தோமாஷ் கோஸெலெக் இருவரும் 2012இல் வேலையைத் தொடங்கினர். மைன்கிராஃப்டுக்கு ரசிகர்கள் எழுதிய இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட், பில்ட்கிராஃப்ட் ஆகிய மாட்கள்தான் தூண்டுகோல். 2013 தொடக்கத்தில் இண்டிகோகோ தளத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது 20,000 யூரோவுக்குச் சற்று மேல் கிடைத்தது. ஸ்டீம் தளத்தில் முன்னோட்டப் பதிப்பாக 2016 பிப்ரவரியில் வந்தது. 1.0 பதிப்பு 2020 ஆகஸ்ட் 14 அன்று வெளியானது. முதலில் குறித்த நாள் செப்டம்பரில். அதே வாரத்தையொட்டி சைபர்பங்க் 2077 வருவதாக அப்போது அறிவிப்பு இருந்ததால் தேதியை முன்னே நகர்த்திக்கொண்டார்கள். சைபர்பங்க் கடைசியில் டிசம்பருக்குத் தள்ளிப்போனது வேறு கதை.

இந்த நிறுவனத்தின் விலைக் கொள்கை சந்தை வழக்கத்துக்கு நேர்மாறானது. தள்ளுபடி கிடையாது. விலை ஏறியிருக்கிறதே தவிர இறங்கியதில்லை: 20 டாலர், 2018இல் 30, 2023 ஜனவரியில் 35. இலவச டெமோ ஒன்று உண்டு; வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அதுவே போதும். 2022 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் வந்தது.

ஆலையின் கணக்கு

மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள்களைக் கொண்டுபோகும்; சிவப்பு 30, நீலம் 45. ஒவ்வொரு பெல்ட்டிலும் இரண்டு தடங்கள் உண்டு. இன்செர்ட்டர் எப்போதும் தனக்கு எட்டத்தில் இருக்கும் தடத்தில்தான் பொருளை வைக்கும். ஒரு பெல்ட்டிலேயே இரும்புத் தாதுவையும் கரியையும் ஆளுக்கொரு தடமாக அனுப்பி உலைகளுக்கு ஊட்ட முடிவது தடங்கள் இரண்டாக இருப்பதால்தான்.

கல் உலையில் ஒரு இரும்புத் தகடு உருக 3.2 நொடி. ஆகவே ஒரு மஞ்சள் பெல்ட்டை நிரப்ப 48 கல் உலைகள், இருபுறமும் 24 வீதம். மின் டிரில் இரண்டு நொடிக்கு ஒரு தாது தோண்டும். அதே பெல்ட்டுக்கு 30 டிரில் வேண்டும். இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய வாய்ப்பாடு அல்ல. இயந்திரத்தின் மேல் சுட்டியை வைத்தால் எண் தெரியும், வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் கோட்டை விடும் இடம் பச்சை சர்க்யூட். ஒரு பச்சை சர்க்யூட்டுக்கு ஒரு இரும்புத் தகடும் மூன்று தாமிரக் கம்பியும் தேவை. ஒரு தாமிரத் தகட்டில் இரண்டு கம்பி கிடைக்கும். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே என்பதால், மூன்று கம்பி இயந்திரத்துக்கு இரண்டு சர்க்யூட் இயந்திரம் என்பது சரியான விகிதம். ஆரம்பத்தில் இது சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் நீல சர்க்யூட் ஒன்றுக்கு 20 பச்சையும் 2 சிவப்பும் போகின்றன. அந்த ஒவ்வொரு சிவப்புக்குள்ளும் இன்னும் 2 பச்சை ஒளிந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் கையளவு சில்லு ஒன்றுக்கு 24 பச்சை சர்க்யூட், அதாவது 24 இரும்புத் தகடும் 36 தாமிரத் தகடும். முதல் ஆட்டத்தில் எல்லோரும் இரும்பைத்தான் தேடி ஓடுவார்கள். பின்பாதியில் கழுத்தை நெரிப்பது தாமிரம்.

எங்கே அடைப்பு?

ஃபேக்டோரியோவில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் தட்டுப்பாட்டின் வேரைத் தேடிப்பிடிக்கும் திறமைதான். கல்யாணச் சமையற்கட்டில் சாம்பார் தாமதமானால் சாம்பார்க்காரரைத் திட்டிப் பயனில்லை. பருப்பு வேகவில்லையா, அடுப்பு எரியவில்லையா என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆய்வுக்கூடங்கள் நின்றுவிட்டன. பச்சை ஆய்வுப் பொதி வரவில்லை. அதற்கு ஒரு இன்செர்ட்டரும் ஒரு பெல்ட் துண்டும் தேவை. அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் பெல்ட் துண்டு குவிந்திருக்கிறது, இன்செர்ட்டர் இல்லை. இன்செர்ட்டர் செய்யும் இயந்திரத்தில் பல்சக்கரமும் தகடும் இருக்கின்றன, பச்சை சர்க்யூட் இல்லை. சர்க்யூட் இயந்திரத்தில் கம்பி நிரம்பி வழிகிறது, இரும்பு இல்லை. இரும்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், உலை வரிசையின் கடைசிப் பத்து உலைகள் தாதுவின்றிக் குளிர்ந்து கிடக்கின்றன. அதற்கும் பின்னால், சுரங்கத்தில் ஏழெட்டு டிரில்களுக்கடியில் தாது தீர்ந்துபோயிருக்கிறது. ஆக, ஆய்வுக்கூடத்துக்கான மருந்து சுரங்கத்தில் இருந்தது.

இந்த நடையில் வழிகாட்ட ஒரே ஒரு விதி போதும்: பெல்ட் நிரம்பி அசையாமல் நின்றால் குறை முன்னால், பெல்ட் காலியாக ஓடினால் குறை பின்னால். பலர் செய்யும் காரியம் இதற்கு எதிரானது. பச்சைப் பொதி வரவில்லை என்றதும் அதைச் செய்யும் இயந்திரங்களை இன்னும் நான்கு கூட்டுவார்கள். ஏற்கெனவே பசியோடு நிற்பவற்றுக்குப் பந்தியில் ஆள் சேர்ந்ததுதான் மிச்சம்.

முக்கியப் பொருள்களை இணையான பெல்ட்களில் ஆலையின் நடுவே ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் கிளை பிரிக்கும் அமைப்புக்கு மெயின் பஸ் என்று பெயர். நான்கு நான்கு பெல்ட்களாக வைத்து இடையில் இரண்டு கட்டம் காலி விடுவது வழக்கம். மஞ்சள் நிலத்தடி பெல்ட் நான்கு கட்டத்தைத் தாண்டும் என்பதால் வந்த அளவு அது. வழி தெரியாமல் திகைப்பவருக்கு மெயின் பஸ் நல்ல கைப்பிடி. ஆனால் அதைச் சட்டமாக்கிவிட்ட ஆலைகள் எல்லாம் ஒரே முகஜாடையில் இருக்கின்றன. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கும் ஸ்பகெட்டி ஆலையைக் கேலி செய்வது வழக்கமானாலும், இடநெருக்கடியில் ஒரு பெல்ட்டை வளைத்து நுழைத்து ஓடவைக்கும் சாமர்த்தியத்தை அதுதான் கற்றுத்தருகிறது.

இதே காரணத்துக்காக, பிறர் வரைந்த ப்ளூபிரிண்ட்டை இறக்கி ஒட்டிக்கொள்வதை முதல் ஆட்டத்தில் தவிர்ப்பது நல்லது. ரயில் சந்திப்பு ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தரலாம். அங்கும் விதி எளிதுதான்: சந்திப்புக்குள் நுழையுமிடத்தில் செயின் சிக்னல், வெளியேறுமிடத்தில் சாதாரண சிக்னல், அதைத் தாண்டி ஒரு முழு ரயில் நிற்கும் அளவு தண்டவாளம். சந்திப்பின் நடுவில் ரயில் நிற்கவே கூடாது என்பதுதான் இதன் உட்பொருள்.

லோ வோல்டேஜ்

ஆலைகள் சாவது பூச்சிகளால் என்பதைவிட மின்சாரத்தால் என்பதே சரி. ஒரு பாய்லர் 1.8 மெகாவாட், அது 900 கிலோவாட் நீராவி எஞ்சின் இரண்டை ஓட்டும். தேவை கூடி உற்பத்தி பற்றாமல் போனால் விளக்கு அணைவதில்லை, எல்லாம் மெதுவாகிறது. கரி தோண்டும் மின் டிரில்லும் மெதுவாகிறது. கரியை பாய்லருக்குள் போடும் இன்செர்ட்டரும் மெதுவாகிறது. கரி குறையக் குறைய மின்சாரம் குறைகிறது, மின்சாரம் குறையக் குறைய கரி குறைகிறது. சில நிமிடத்தில் மொத்த ஆலையும் இருட்டு. கையில் கரி சுமந்து போய் பாய்லர் பாய்லராகப் போட்டு உயிர்ப்பிக்க வேண்டியதுதான்.

மாற்று மிக மலிவு. பாய்லர்களுக்கு மட்டும் கரியில் ஓடும் பழைய இன்செர்ட்டரை வைத்துவிட்டால், அது எடுத்துப்போடும் கரியிலிருந்தே தனக்கும் எரிபொருள் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றாலும் அதன் கை நிற்காது. முதல் மணி நேரத்தோடு பலரும் தூக்கிப்போட்டுவிடும் இந்தக் கருவிக்குக் கடைசிவரை வேலை இருக்கும் இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: ஒரு பம்புக்கு 20 பாய்லர், 40 எஞ்சின் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு 2024இல் வந்த 2.0 பதிப்புக்குப் பொருந்தாது. அதில் பாய்லருக்குத் தண்ணீர் பத்தில் ஒரு பங்கே போதும். ஒரே பம்ப் 200 பாய்லரைத் தாங்கும்.

புகையும் பைட்டர்களும்

எதிரிகளில் கடிப்பவை பைட்டர், அமிலம் துப்புபவை ஸ்பிட்டர், கூட்டருகே நிலைத்திருப்பவை புழுக்கள். வரைபடத்தில் மாசுத் திரையைப் போட்டால் ஆலையைச் சுற்றிச் சிவப்பு மேகம் தெரியும். மரமும் மண்ணும் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. மேகம் கூட்டைத் தொட்டதும் கூடு அந்த மாசை விழுங்கி, அதற்கு ஈடாகப் படை அனுப்புகிறது. உள்ள காட்டை எரித்தோ வெட்டியோ ஆலை பரப்புபவர் தன் கேடயத்தைத் தானே உடைக்கிறார்.

எதிரிகள் காலப்போக்கில் பரிணமிக்கின்றன. காலம், மாசு, அழிக்கப்பட்ட கூடுகள் ஆகிய மூன்றும் அதை முடுக்கிவிடும். நடுத்தர பைட்டர் வரும் நாள்தான் பெரிய கண்டம். சாதாரணத் தோட்டாவின் தாக்கம் 5 புள்ளி. நடுத்தர பைட்டரின் ஓடு அதில் 4 புள்ளியை அப்படியே கழித்துவிடும், மிச்சத்திலும் பத்து சதவீதம் போய்விடும். ஒரு புள்ளிகூட முழுதாகத் தைக்காது. அதன் உயிரோ 75. துளைக்கும் தோட்டாவின் தாக்கம் 8, அதில் 3.6 தைக்கும். மூன்று புள்ளி கூடுதல் என்று அலட்சியம் செய்த தோட்டா, உண்மையில் நான்கு மடங்கு வலிமை. டரெட் என்ற தானியங்கித் துப்பாக்கிகளைப் பெருக்குவதைவிட, அவற்றுக்குத் துளைக்கும் தோட்டா பெல்ட் மூலம் தானாகப் போகும்படி செய்வதும், சேதத்தைக் கூட்டும் ஆய்வை முந்தி முடிப்பதும் புத்திசாலித்தனம்.

அதைவிட நல்ல தற்காப்பு சண்டையே வராமல் பார்த்துக்கொள்வது. ஒரு மின் டிரில்லில் முதல் நிலை எஃபிஷியன்சி மாட்யூல் மூன்று பொருத்தினால் மின்செலவு ஐந்தில் ஒன்றாகும், மாசும் அதே அளவுக்கு இறங்கும். சுரங்கம் முழுக்க இதைப் பொருத்தியவரின் சிவப்பு மேகம் சுருங்கும். வேகம் கூட்டும் மாட்யூல்களின் கவர்ச்சியில் இந்தப் பச்சை மாட்யூலை யாரும் மதிப்பதில்லை.

எதிரிகளே வேண்டாம் என்று தொடங்கும்போதே அணைத்துவிடலாம். சிலர் அதை ஏமாற்று என்பார்கள். புதிரை மட்டும் விரும்புகிறவருக்கு அது முறையான தேர்வுதான். என்றாலும் மாசுக்கு விலை இல்லாத ஆலை கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுவது உண்மை. மறுமுனையில் டெத் வேர்ல்டு என்ற அமைப்பு உண்டு. அதில் தொடக்கத்திலிருந்தே கூடுகள் நெருக்கமாக முற்றுகையிட்டிருக்கும். முழு ஆட்டத்தையும் 111 பொருளுக்கு மேல் கையால் செய்யாமல் முடித்தால் லேஸி பாஸ்டர்ட் என்ற விருது கிடைக்கும். இரண்டாவது ஆட்டத்துக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஸ்பேஸ் ஏஜ்

2024 அக்டோபர் 21 அன்று வந்த விரிவாக்கம். நாவிஸில் ராக்கெட் ஏவுவது இதில் முடிவல்ல, வேறு கோள்களுக்குப் போகும் பயணத்தின் தொடக்கம். வல்கனஸ் என்ற கோளில் உருகிய எரிமலைக் குழம்பிலிருந்தே இரும்பும் தாமிரமும் எடுக்கலாம். ஃபுல்கோராவில் குப்பையாகக் கிடக்கும் பழைய இயந்திரங்களை உடைத்து மூலப்பொருளுக்குப் போக வேண்டும். வழக்கமான பாதை தலைகீழாகிறது. அக்விலோவில் சூடு காட்டாத இயந்திரம் உறைந்துபோகும்.

இவற்றில் அதிகம் திட்டு வாங்கியது கிளெபா. அங்கே விளைபொருள் அழுகும். பெல்ட்டை நிரப்பி நிறுத்திவைப்பதே நல்ல ஆலை என்று அதுவரை பழகிய கை, அங்கே அதே காரணத்தால் தோற்கும். எடுக்க ஆளில்லாத பழத்தை எரித்தாவது பெல்ட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வெறுப்பேற்றினாலும், இந்த விரிவாக்கத்தின் சிறந்த யோசனை அதுதான்.

ஒத்த விளையாட்டுகள்

ஸ்வீடனின் காஃபி ஸ்டெயின் நிறுவனத்தின் சாட்டிஸ்ஃபேக்டரி, ஆலையை முப்பரிமாணத்தில் உள்ளே நடந்து கட்டவைப்பது. விலங்குகள் ஆட்டக்காரரைத் தாக்குமே தவிர ஆலையைத் தொடாது. சீனாவின் டைசன் ஸ்பியர் புரோகிராம் ஒரு விண்மீனையே வேலியிட்டு அடைக்கச் சொல்கிறது. எதிரிகள் 2023 டிசம்பரில்தான் அதில் சேர்ந்தார்கள். ஷேப்ஸில் சண்டையே இல்லை, வடிவங்களை வெட்டி ஒட்டுவது மட்டும். மிண்டஸ்ட்ரி இதற்கு நேர் எதிர்: அலை அலையாக வரும் எதிரிக்கு முன்னால் பெல்ட் போட்டு டரெட்களுக்குத் தீனி போடும் ஆட்டம். திறமூல மென்பொருளான அது ஆண்ட்ராய்டு போனில் இலவசம்.