கண்டி வீதியும் களைத்த குதிரைகளும்

கண்டி வீதியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனை அமைத்தோரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் உறுதியும், 1829இல் உயிர்நீத்த கப்டன் டோசனின் உழைப்பும், அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுந்த கோபுரமும் நன்கு அறியப்பட்டவை. அவ்வீதியில் வண்டி இழுத்த விலங்குகளைப் பற்றியோ, ஓட்டம் முடிந்தபின் அவற்றைப் பேணியோரைப் பற்றியோ அறிய விரும்புவோர் பயண நூல்களின் ஓரங்களையே துழாவ வேண்டியுள்ளது.

1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவின் முதலாவது தபால் வண்டிச் சேவை இதுவே என்பர். தூரம் 72 மைல். தாழ்நிலத்தைக் கடந்ததும் கடுகண்ணாவைக் கணவாய் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 அடிவரை உயர்கின்றது. ஒரே குதிரைகள் முழுத் தூரத்தையும் இழுத்தல் இயலாதாகையால் தரிப்பிடந்தோறும் அவை மாற்றப்பட்டன. மருந்தினும் மேலான மருத்துவம் இம்மாற்றமே எனலாம்.

குதிரை, மனிதனைப் போலவே வியர்வையால் உடல்வெப்பம் தணிப்பது. அதன் வியர்வையில் உப்புச் செறிவு மிகுதி. ஈரம் மிக்க மேல்நாட்டு அடிவாரத்தில் வியர்வை எளிதில் உலராது. உப்பும் நீரும் இழக்கப்படும், வெப்பமோ தணியாது. மிகக் களைத்த குதிரைக்குத் தாகவுணர்வும் மங்கிவிடும் என்பதே இதிற் கொடுமை. நீர் வேண்டிய வேளையில் அது நீரை மறுக்கும். தோலை இழுத்துவிட்டு அது மீளும் வேகத்தைப் பார்த்தலும், நாடி தணிகின்றதா எனக் கணித்தலும், குடலோசை கேட்டலும் இக்கால நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் மருத்துவர் செய்யும் சோதனைகள். வெப்பமேறிய குதிரைமீது குளிர்நீர் ஊற்றலாகாது என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கையை, 1996ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக் விழாவை ஒட்டி நிகழ்ந்த ஆய்வுகளே பெரிதும் தகர்த்தன.

அக்காலத்தில் இக்கடன்களைக் குதிரைக்காரரே ஆற்றினர். அவர்களுட் பலர் தென்னிந்தியத் தமிழர். துரையின் குதிரைக்குப் பின்னால் கால்நடையாக ஓடிவந்து, அது நின்றதும் உடல் துடைத்து, நடத்திக் களைப்பாற்றி, தீனி வைத்தவர்கள் அவர்கள். (ஓடிவந்தவனின் களைப்பை ஆற்றியவர் யாவரோ!) பயண நூல்களில் அவர்கள் பெரும்பாலும் தொழிற்பெயராலேயே சுட்டப்படுகின்றனர்.

அவர்தம் அனுபவ அறிவு மதிக்கப்படாதவிடத்து என்ன நேரும் என்பதற்குச் சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூல் சான்று தருகின்றது. 1848இல் அவர் நுவரெலியாவிற் குடியேறச் சென்றபோது, பேர்க்ஸ் என்ற ஆங்கிலேயக் குதிரைக்காரன் வண்டியையும் குதிரைகளையும் றம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் வீழ்த்தினான். பின் உதவிக்கு அனுப்பப்பட்ட யானையையும் ஓய்வின்றி மலையேற விரட்டினான். பாகனின் எச்சரிக்கை செவியேறவில்லை. யானை மாண்டது. பேக்கர் இதனை நகைச்சுவையாகவே விவரிக்கின்றார். அந்நகைப்பில் பாகனுக்கு இடமில்லை.

1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. தபால் வண்டியின் தேவை ஒழிந்தது; மலைநாட்டில் குதிரை நுவரெலியாப் பந்தயத் திடலோடு தொடர்புற்றதாகப் பின்னர் நிலைத்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் மிருக வைத்தியக் கல்வி தொடங்கிப் பிற்பாடு பேராதனைக்கு மாறியபோது, அப்பழைய வீதி அதன் அருகே ஓடிக்கொண்டிருந்தது; வண்டிக் குதிரைகள்தாம் அதில் இல்லை.