ஒரு ராணியும் ஒரு பட்டப்பெயரும்



"தாத்தா, 'ப்ளடி மேரி' கெட்ட ராணியா?" என்று நேற்று பேத்தி கேட்டாள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கும் ஸ்பெயின் இளவரசி கேத்தரினுக்கும் 1516 பிப்ரவரி 18 அன்று பிறந்தவர் மேரி. அவர்களுக்குப் பிழைத்து வளர்ந்த ஒரே குழந்தை. லத்தீன், இசை எல்லாம் கற்று, அப்பா செல்லமாக வளர்ந்தவர்.

ஆண் வாரிசு வேண்டும் என்று ஹென்றி வேறு பெண்ணை மணந்தார். 1533-இல் முதல் திருமணமே செல்லாது என்றானது. மேரியின் இளவரசிப் பட்டம் பறிபோனது. அம்மாவைப் பார்க்கவும் அனுமதி இல்லை. கைக்குழந்தையான தங்கை எலிசபெத்தின் மாளிகையில், அவளுக்குக் கீழ்ப்பட்டவளாகப் போய் இருக்க வேண்டியதாயிற்று. அப்போது வயது 17. 1536 ஜனவரியில் அம்மா இறந்தார். கடைசி முகம்கூடப் பார்க்கவில்லை. அதே ஆண்டு, தன் பெற்றோரின் திருமணம் செல்லாதது என்று தானே கையெழுத்துப் போட வைத்தார்கள்.

1553-இல் தம்பி எட்வர்டு இறந்ததும் ஜேன் கிரே என்ற பெண்ணை அரியணை ஏற்றினார்கள். மேரி அஞ்சி ஓடவில்லை. மக்கள் ஆதரவோடு சில நாட்களிலேயே லண்டனை வென்றார். இங்கிலாந்தில் முடிசூடி ஆண்ட முதல் பெண் அவரே. அரசனுக்குள்ள அதிகாரம் அரசிக்கும் முழுமையாக உண்டு என்ற சட்டம் 1554-இல் வந்தது. பின்னால் எலிசபெத்துக்கும் அதுவே துணை.

ஆனால் 1555 முதல் சுமார் 280 புராட்டஸ்டன்ட் மக்களை உயிரோடு எரித்ததும் அவர் ஆட்சிதான். அதில் ஏழைத் தொழிலாளிகளும் பெண்களும் உண்டு. பட்ட துன்பம் இந்தப் பாவத்துக்குச் சமாதானம் ஆகாது. அதே சமயம், அப்பாவும் தங்கையும்கூட மதத்தின் பேரால் உயிர் பறித்தவர்களே. பட்டப்பெயர் மட்டும் இவருக்கு ஒட்டிக்கொண்டது.

1558 நவம்பர் 17 அன்று, 42 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அக்காவும் தங்கையும் ஒரே கல்லறையில்தான் இருக்கிறார்கள். மேலே படுத்திருக்கும் சிலை எலிசபெத்துக்கு மட்டும்.

வகுப்பில் நானும் சிலரை "மக்கு" என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டில் என்ன பாடுபட்டு வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.