செஞ்சியில் ஒரு பாரசீகச் சாசனம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை செஞ்சி நகரத்தைக் கடந்து மேற்கே திரும்பியதும், யாரோ ஒரு பூதம் விளையாட்டாக அடுக்கிவைத்துவிட்டுப் போனதோ என்று எண்ணும்படி, உருண்ட பாறைகளாலான மூன்று மலைகள் வழிப்போக்கனின் முன் எழுந்து நிற்கின்றன. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம் என்று பெயர் பெற்ற அம்மூன்று மலைகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் ஒன்று முக்கோணமாகப் பிணைத்திருக்கிறது. இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியையே தம் யாத்திரையின் லட்சியமாகக் கொண்டு ஏறத் தொடங்கிவிடுவதால், அம்மலையின் அடிவாரக் கோட்டைக்குள் அடக்கமாக நிற்கும் ஒரு பள்ளிவாசலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கடந்துபோவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் செஞ்சியின் சரித்திரத்தைத் தலைப்பிலிருந்து முடிவு வரை படிக்க விரும்புகிறவர்கள் அந்தப் பள்ளிவாசலின் முன் சற்று நேரம் நிற்பது நல்லது.

ஆர்க்காட்டு நவாபாக 1710 முதல் 1732 வரை கர்நாடக நாட்டை ஆண்ட சாதத்துல்லா கான் 1717–18இல் அதைக் கட்டினார் என்று அங்குள்ள பாரசீக சாசனம் அறிவிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1714 அக்டோபர் மாதத்தில், அவர் இக்கோட்டையைப் போரிட்டுக் கைப்பற்றியிருந்தார். எனவே அது வெற்றியின் ஞாபகச் சின்னம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது சரித்திர ஆசிரியர்களின் வழக்கம். அவ்வாறு சொல்வது தவறன்று. ஆயினும் அந்தச் சிறு கட்டடத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும் நெடுந்தூரத்துப் பரம்பரை ஒன்றை அந்த விளக்கம் நமக்குக் காட்டுவதில்லை.

பாரசீக மசூதி என்றதும் கலை அன்பர்களின் நினைவில் முதலில் தோன்றுவது இஸ்பஹான் நகரத்தில் ஷா அப்பாஸ் 1611இல் தொடங்கிய மகத்தான பள்ளிவாசல். நான்கு திசைகளிலும் உயர்ந்த வளைவு மண்டபங்கள் சூழ்ந்த முற்றமும், நீலமும் பச்சையும் பொன்னிறமும் கலந்த மெருகோடுகளால் போர்த்த குவிமாடமும், முன்னுள்ள மைதானத்தை நோக்கி நிற்கும் வாயிலைக் கடந்ததும் மக்கா திசையை நாடிக் கட்டடம் முழுவதுமே சாய்வாகத் திரும்பிக்கொள்ளும் நுட்பமும் சேர்ந்து அதை உலகத்தின் அற்புதங்களில் ஒன்றாக்கியிருக்கின்றன. அதைப் பார்த்த கண்ணோடு செஞ்சிக்கு வருகிறவருக்கு இங்குள்ள எளிய முகப்பு ஏமாற்றத்தையே தரக்கூடும். ஆனால் ஆற்றின் பெருமையை அதன் அருவியில் மட்டுமா காண்கிறோம்? வாய்க்காலாகக் குறுகி வயலுக்குள் நுழையும் இடத்திலும் அது ஆறுதானே.

அந்த ஆறு தக்காணத்தின் வழியாகவே தெற்கே வந்தது. பாமினி சுல்தான்கள் குல்பர்காவில் 1367இல் எழுப்பிய ஜும்மா மசூதியைக் கட்டியவர் பாரசீகத்துக் கஸ்வீன் நகரத்தவரான ரபி என்பவர். திறந்த முற்றத்துக்கு இடமே வைக்காமல் முழுவதையும் சிறுசிறு குவிமாடங்களால் மூடிய அக்கட்டடத்துக்கு இந்நாட்டில் இணை காண்பது அரிது. நூறு ஆண்டுகள் கழித்து, பாரசீகத்தின் கீலான் பிரதேசத்திலிருந்து வந்து அந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியாக உயர்ந்த மஹமூத் கவான், பீதர் நகரத்தில் 1472இல் கட்டிய கல்விச்சாலையின் சுவர்களில் தம் தாய்நாட்டு மெருகோடுகளையே பதித்துவைத்தார். பாமினி ராஜ்யம் பிளவுபட்டபின் அக்கலை பிஜப்பூருக்கு வந்து அங்கே செழித்தது. அந்தப் பிஜப்பூரின் சேனைதான் 1649இல் நாயக்கர்களிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி, அதற்குப் பாத்ஷாபாத் என்று புதுப்பெயர் சூட்டியது.

அதன்பின் செஞ்சி அமைதி கண்டதில்லை. 1677இல் சிவாஜி வந்து கோட்டையைக் கைக்கொண்டு மதில்களைப் பலப்படுத்தினார். அவருடைய குமாரர் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதியான சுல்பிகர் கான் 1690 முதல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் இம்மலைகளை முற்றுகையிட்டுக் கிடந்து, 1698 தொடக்கத்தில்தான் உள்ளே நுழைந்தார். ராஜாராமோ அதற்குள் தப்பிச் சென்றுவிட்டார். அந்தத் தளபதியின் முன்னோர்களும் பாரசீகத்திலிருந்து வந்தவர்களே. அவருடைய நுஸ்ரத் ஜங் என்ற விருதுப்பெயரை ஒட்டிக் கோட்டை நுஸ்ரத்கட் ஆயிற்று. ஆள்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், கணக்கும் கடிதமும் கட்டளையும் எழுதும் பாஷையாகப் பாரசீகம் இங்கே நிலைத்துவிட்டது.

ஆனால் பாரசீகத்தின் வளைவு அதன் பாஷைக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. தூணின்மேல் போதிகை, போதிகையின்மேல் உத்தரம் என்று பாரத்தை நேராகக் கீழே இறக்குவது நம் ஸ்தபதிகளின் சம்பிரதாயம். முத்தையாலு நாயக்கர் பெயரால் வழங்கும் வேங்கடரமணர் ஆலயத்தில் அந்தச் சம்பிரதாயத்தைக் கலப்பின்றிக் காணலாம். வளைவோ பாரத்தை இரு பக்கமும் பகிர்ந்து சரித்துவிடும் வேறொரு யுக்தி. அந்த யுக்தியை விஜயநகரத்தார் சுல்தான்களிடமிருந்து கற்றார்கள். அவர்களிடமிருந்து செஞ்சி நாயக்கர்கள் கற்றார்கள். சதுர முற்றத்தின் நடுவே பல நிலைகளாக உயர்ந்து கூம்பிய முடியோடு நிற்கும் கல்யாண மகாலின் ஒவ்வொரு நிலையிலும் வளைவுகள் திறந்திருக்கின்றன. மலைபோல் நெல்லைக் கொட்டிவைத்த களஞ்சியங்களின் கூரைகள் வளைந்தே மூடப்பட்டிருக்கின்றன. கிருஷ்ணகிரியின் உச்சியில் காற்று தடையின்றி உலவும் சபா மண்டபத்துக்கு வளைவுகளும் குவிமாடமுமே அழகு. ஆகவே சாதத்துல்லா கானின் கொத்தர்கள் இங்கே வளைவை எழுப்பியபோது, இந்த மலையடிவாரம் அறியாத எதையும் கொண்டுவரவில்லை. ஊர் ஏற்கெனவே பழகியிருந்த எழுத்தில் இன்னொரு வரியை எழுதினார்கள்.

வழியில் அக்கலை இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. இஸ்பஹானின் மெருகோடு இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. அதன் ஸ்தானத்தைத் தமிழ்நாட்டுச் சுண்ணாம்பு ஏற்றுக்கொண்டது. சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பல நாள் பதப்படுத்தி, மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுக்கும் கலையில் நம் கொத்தர்களை மிஞ்சியவர் இல்லை. பாரசீகத்தில் வர்ணம் செய்த வேலையை இங்கே வெண்மையும் வெயிலும் செய்தன. திசையிலும் நம் கோயில்களோடு ஓர் ஒற்றுமை நேர்ந்தது. இஸ்பஹானிலிருந்து மக்கா தென்மேற்கே இருப்பதால் அங்கே கட்டடம் சாய வேண்டியிருந்தது. நம் நாட்டில் மேற்கு நோக்கித் தொழுவதால், பள்ளிவாசலின் முகப்பு இயல்பாகவே கிழக்கே திறக்கிறது. கிழக்கு நோக்கிய சந்நிதியைப் போலவே அதன் வளைவுகளுக்குள்ளும் காலைக் கதிர் முதலில் நுழைகிறது.

இனி, அந்த வெற்றியின் கதையையும் சொல்லாமல் விடலாகாது. செஞ்சியின் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, இருந்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714இல் இறந்ததும், அவர் மகன் தேஜ்சிங் கோட்டை தம் பிதுரார்ஜிதம் என்று சொல்லி நவாபுக்குப் பணம் செலுத்த மறுத்தார். ஆயிரக்கணக்கான சேனையை எதிர்த்துச் சில நூறு குதிரை வீரர்களோடு புறப்பட்ட அந்த இளைஞருக்கு வயது 22. அவருடைய உயிர்த்தோழர் மகபத் கான் முதலில் வீழ்ந்தார். பின்னர் தேஜ்சிங்கும் வீழ்ந்தார். அவருடைய மனைவி உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்மணியின் நினைவாகவே நவாப் ஆர்க்காட்டுக்கு எதிரே ராணிப்பேட்டையை அமைத்தார் என்பர்.

தேஜ்சிங்கைத் தமிழ் மக்கள் தேசிங்கு ராஜனாக்கித் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழவைத்தார்கள். இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நவாபின் புகழைப் பாரசீக மொழியில் ‘சயீத் நாமா’ என்ற நூலாக எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்ற ஹிந்து முன்ஷி. நவாபை எதிர்த்து மடிந்த ராஜபுத்திரனின் கதையைப் பாடிய தமிழ்ப் பாணர்களோ, மணக்கோலத்தைக் களைந்துவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த முஸ்லிம் வீரனை, மோவுத்துக்காரன் என்று அன்போடு பெயரிட்டு, நாயகனுக்குச் சமமான ஆசனத்தில் இருத்தினார்கள். அக்காலத்துச் சண்டையை இரு மதங்களின் சண்டையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் செஞ்சியில் சான்று கிடைப்பது கடினம். சாதத்துல்லா கானின் பெயரால் ஒன்றும், தோற்ற பக்கத்தவரான மகபத் கானின் பெயரால் ஒன்றுமாக இரண்டு பள்ளிவாசல்கள் இக்கோட்டையில் வழங்குவதைக் காட்டிலும் தெளிவான விடை வேண்டுமா?

அதன்பின் 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தார்கள். வேங்கடரமணர் ஆலயத்தின் ஒற்றைக்கல் தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. ராணுவ முக்கியத்துவம் நீங்கியதும் மக்களும் நீங்கினார்கள், முட்புதர் புகுந்தது. 1921இல் கோட்டை பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாயிற்று. 1943இல் சி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரியார் செஞ்சியின் சரித்திரத்தை விரிவாக எழுதி வெளியிட்டார். 2025இல் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சி இடம்பெற்றது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே.

பள்ளிவாசலின் சாசனத்தை இன்று படிக்கத் தெரிந்தவர் செஞ்சி நகரத்தில் அரிது. ஆனால் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டி ஜமாபந்திக்குப் போகும் குடியானவர், தாசில்தாரிடம் தஸ்தாவேஜைக் காட்டி, கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி, திருவிழாவுக்குப் போலீஸ் பந்தோபஸ்து உண்டா என்று சர்க்கார் சிப்பந்தியை விசாரித்துவிட்டு வீடு திரும்புகிறார். ஜமாபந்தி, தாசில்தார், தஸ்தாவேஜ், ரசீது, பந்தோபஸ்து, சர்க்கார், சிப்பந்தி என்ற இவ்வளவு சொற்களையும் அவருக்குக் கொடுத்தது அந்தச் சாசனத்தின் பாஷைதான். எங்கோ பிறந்த வளைவு செஞ்சிக் கல்லில் நின்றதைப் போலவே எங்கோ பிறந்த சொல்லும் செஞ்சியின் நாவில் நின்றுவிட்டது. அவர் அதைத் தமிழென்றே எண்ணிப் பேசுகிறார், அப்படி எண்ணுவதில் பிழையொன்றும் இல்லை.