பக்தாதின் அடுக்களையும் பெயரறியாக் கைகளும்

வரலாறு எழுதுவோர் அரசவையை எழுதினர், போர்க்களத்தை எழுதினர், அறிஞர் கூடிய அவைகளையும் எழுதினர். அடுக்களையை எட்டிப் பார்த்தவர் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்ந்தது, எதில் மகிழ்ந்தது, விருந்தினரை எவ்வாறு உபசரித்தது என்று அறிய விரும்புவோர் அந்தச் சிறு அறையின் வாயிலில் சற்றே நின்றுதான் ஆகவேண்டும். அவ்வாறு நம்மை அழைத்துச் சென்று நிறுத்தும் அரபு நூல் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

அந்நூலின் பெயர் ‘கிதாபுத் தபீஃக்’. சமையல் நூல் என்பது பொருள். ஹிஜ்ரி 623-இல், அதாவது கி.பி. 1226-இல், பக்தாதில் இது எழுதப்பெற்றது. ஆசிரியர் முஹம்மது இப்னு அல்-ஹஸன் அல்-பக்தாதி. ‘அல்-காதிப்’ என்னும் பட்டம் அவர் எழுத்துப் பணியினர் என்பதைக் காட்டுகிறது. இதே பெயரில் அவருக்கு முன்னரே, பத்தாம் நூற்றாண்டில், இப்னு ஸய்யார் அல்-வர்ராக் ஒரு பெருநூல் தொகுத்திருந்தார். கலீஃபாக்களும் அமைச்சர்களும் விரும்பி உண்ட அறுநூறுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. பக்தாதியின் நூலோ அளவில் சிறியது, பத்தே அத்தியாயங்கள். அருகி வழங்கும் உணவுகளை விட்டுவிட்டு, தமக்குப் பிடித்தவற்றையே தேர்ந்து எழுதியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். எனவே அரண்மனையின் ஆடம்பரத்தைவிட, வசதியுள்ள ஒரு வீட்டின் மணமே அந்நூலில் மிகுதியாக வீசுகிறது.

அந்த முன்னுரையில் உலக இன்பங்களை ஆறாக வகுக்கிறார் ஆசிரியர்: உணவு, பானம், உடை, இல்லறம், நறுமணம், இன்னிசை. இவற்றுள் உணவே முதன்மையானது என்பது அவர் முடிவு. உடல் நிலைபெறுவது உணவால்தான். உடல் நலமின்றேல் மற்ற இன்பங்களைத் துய்ப்பது எங்ஙனம் என்பது அவர் தரும் காரணம். அனுமதிக்கப்பட்ட உணவை விரும்பி உண்பதில் குற்றமில்லை என்றும் அவர் வாதிக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருப்பதை நாம் அறிவோம். வீண்விரயம் வேறு, இறைவன் அளித்த பொருளைப் பக்குவமாகச் சமைத்து, பகிர்ந்துண்டு மகிழ்வது வேறு.

சமைப்பவருக்கு அவர் கூறும் அறிவுரைகளைப் படிக்கும்போது, நம் வீட்டு மூதாட்டி ஒருவர் பேசக் கேட்பது போலவே இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பாத்திரங்களுள் கல்சட்டியே சிறந்தது; அடுத்தது மண்சட்டி; வேறு வழியில்லாதபோதுதான் ஈயம் பூசிய செம்பு. ஈயம் தேய்ந்துபோன செம்பில் சமைப்பதைப் போலத் தீங்கு பிறிதில்லை. விறகு நன்கு காய்ந்ததாக, கண்ணைக் கரிக்கும் புகை இல்லாததாக இருக்க வேண்டும். பாத்திரத்தைச் செங்கற்பொடியால் விளக்க வேண்டும். இறைச்சி கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை எடுத்துவிட வேண்டும். எழுநூற்று எண்பது ஆண்டுகளைக் கடந்த பின்னரும் இவற்றுள் பழையதாகிப் போனது எது?

நூலின் இறுதி மூன்று அத்தியாயங்களும் இனிப்புக்கே உரியவை. அவற்றுள் ‘லவ்ஸீனஜ்’ என்பது ஒன்று. தோல் நீக்கிய வாதுமைப் பருப்பையும் சர்க்கரையையும் நன்கு பொடித்துப் பன்னீர் விட்டுப் பிசைவர். மிக மெல்லிய ரொட்டியில் அதைப் பரப்பிச் சுருட்டிச் சிறு துண்டுகளாக நறுக்குவர். புது நல்லெண்ணெய் ஊற்றி, அதன்மேல் பன்னீர் கலந்த பாகு விட்டு, பிஸ்தாப் பருப்பைப் பொடித்துத் தூவுவர். படிக்கும்போதே நாவூறும் இப்பண்டத்தில் நமக்கு வியப்பளிப்பது அதன் சுவை மட்டுமன்று. அதிலுள்ள சர்க்கரையின் பயணமுமாகும். கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்கும் கலை இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்றது. பின்னர் அரபு ஆட்சியில் கூஜிஸ்தான் பகுதியில் கரும்பு செழித்தது. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘ஸுக்கர்’ ஆயிற்று. நம் மொழியில் அதுவே சர்க்கரை. இங்கிருந்து பெயர் ஒன்று சென்றது; அங்கிருந்து ‘ஹல்வா’ என்னும் சொல் வந்து நம் கடைவீதியில் அல்வாவாக அமர்ந்தது. அந்நூல் கூறும் ‘ஸன்பூஸஜ்’ இன்றைய சமோசாவின் மூதாதை. வணிகக் கப்பல்கள் ஏற்றி வந்தவை சரக்குகள் மட்டுமல்ல என்பதற்கு நம் உணவுத் தட்டே சான்று.

இனி, அரபு இலக்கணம் கற்றவர் கண்ணுக்கு உடனே தென்படும் ஒரு செய்தி. இந்நூலின் செய்முறைகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் அமைந்தவை: இறைச்சி எடுக்கப்படும், நறுக்கப்படும், சட்டியில் இடப்படும். இவ்வினையை அரபு இலக்கணத்தார் ‘மஜ்ஹூல்’ என்பர். ‘அறியப்படாதது’ என்பது அதன் பொருள். செயல் உண்டு, செய்தவர் பெயர் இல்லை. உண்மையில் எடுத்தவர் யார்? நறுக்கியவர் யார்? புகையில் நின்று பாகின் பதம் பார்த்தவர் யார்? அந்நகரத்துத் தாய்மாரும் பணிப்பெண்டிரும் கூலிச் சமையற்காரருமே. வர்ராக்கின் நூலில், இளவரசர் இப்ராஹீம் இப்னு அல்-மஹ்தியின் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியின் கைத்திறம் புகழப்பட்டிருக்கிறது. அத்தகைய நினைவு வாய்க்கப் பெற்றவர் மிகச் சிலர். ஏனையோர் அந்த ‘மஜ்ஹூல்’ வினைக்குள்ளேயே மறைந்து போயினர்.

நூல் எழுதி முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, கி.பி. 1258-இல், ஹுலாகுவின் படை பக்தாதைச் சூறையாடிற்று. கலீஃபா கொல்லப்பட்டார், மாந்தர் மடிந்தனர், நூலகங்கள் அழிந்தன. ஆனால் அந்நகரத்து வீடுகளில் அடுப்பின்மேல் கொதித்தது இன்னதென்னும் அறிவு அழியவில்லை. எழுத்துப் பணியினர் ஒருவர் அதை ஏட்டில் ஏற்றி வைத்திருந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் அது துருக்கி மொழிக்குச் சென்றது. இஸ்தன்பூலில் கிடைத்த கைப்பிரதியைக் கொண்டு 1934-இல் மோசுல் நகரில் அரபு மூலம் அச்சேறிற்று. ஆர்பெரி என்னும் அறிஞர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1939-இல் வெளிவந்தது நம் ஹைதராபாத்தின் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழில்தான் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

பக்தாதுக்கு வாய்த்தது நம் ஊர்களுக்கு வாய்க்குமா என்பதே நம் கவலை. காயல்பட்டினத்துத் தம்மடையும், கீழக்கரைத் தொதலும், பெருநாள் காலையில் வீடெல்லாம் மணக்கும் வட்டிலப்பமும் பெரும்பாலும் கைப்பழக்கத்தால் வந்தவை. அளவு கேட்டால், ‘ஒரு கை’ என்பார் உம்மா. பதம் கேட்டால், ‘பார்த்தால் தெரியும்’ என்பார் பெரியம்மா. அந்தக் கையும் அந்தக் கண்ணும் அவர்களோடு போய்விட்டால், எஞ்சுவது பண்டத்தின் பெயர் மட்டுமே. அதை அழிக்க ஹுலாகு வரவேண்டியதில்லை. கடையில் வாங்கிக் கொள்ளலாம் என்னும் சோம்பலே போதும்.

ஆகவே வாசகர்களை, குறிப்பாக இளைய தலைமுறையினரை, வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டு மூத்தவர்கள் சமைக்கும்போது அருகில் அமருங்கள். அவர்கள் அள்ளிப் போடும் கையளவை நிறுத்துப் பார்த்து ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்தாதி விட்டுவிட்ட ஒன்றை நீங்கள் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு பண்டத்துக்கும் மேலே, அதைச் செய்து காட்டியவரின் பெயரை எழுதி வையுங்கள்.