எஞ்சினுக்குத் தண்ணீர் பகையா?

கொட்டும் மழையில் நாள் முழுவதும் ஓடிய கார் எவ்விதத் தொல்லையும் தராமல் வீடு வந்து சேருகிறது. அதே காரை வாட்டர் சர்வீசுக்கு விட்டு, பானட்டைத் திறந்து எஞ்சினைக் கழுவிய பிறகு சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கிறது. இது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? விடை காண மோட்டார் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

எஞ்சினை எதற்காகக் கழுவ வேண்டும் என்று முதலில் கேட்கலாம். கசியும் எண்ணெய் மீது தூசி படிந்து கரிய சேறாக ஒட்டிக் கொள்கிறது. இது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்து கெடுக்கிறது. புதிதாகத் தோன்றும் கசிவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது. தீப்பற்றினால் எரிபொருளாகவும் ஆகிறது. ஆகவே கழுவுவது நல்லதே. எப்படிக் கழுவுவது என்பதில்தான் சிக்கல்.

மின்பொறியின் கதை

பெட்ரோல் எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது மின்பொறி. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதற்கு அடிப்படை. 1860இல் பிரான்சு நாட்டில் லெனுவார் அமைத்த வாயு எஞ்சினில் தூண்டுசுருளிலிருந்து வந்த பொறியே தீ மூட்டியது. 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிலகத்தில் கோட்லோப் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்கல முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம் பெற்றது.

இம்முறையில், மின்கலத்தின் 6 அல்லது 12 வோல்ட்டு, சுருளின் உதவியால் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுத் தருகிறது. உலர்ந்த காற்று நல்ல காப்புப் பொருள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டு வேண்டும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அழுக்கும் உப்பும் கரைந்த நீர் மெல்லிய படலமாகப் படிந்தால், மின்சாரம் அவ்வழியே கசிந்து போய்விடும். பிளக்கில் பொறி எழாது.

1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி கார் இதற்குச் சிறந்த சான்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அச்சிறு காரில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பி வலைக்கு நேர் பின்னால் அமைந்தது. மற்றக் கார்களில் பானட்டின் மேல் வழிந்தோடும் மழைநீர், இதில் நேரே உள்ளே தெறித்தது; வண்டி நடுவழியில் நின்றது. சொந்தக்காரர்கள் ரப்பர்க் கையுறையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிட்டுச் சமாளித்தார்கள்!

பொறி போய்க் கணிப்பொறி வந்தது

1950இல் ஜெர்மனியின் கேர்ஹர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவும் கருவியைச் செய்தது. கழுவும் வேலை எளிதாயிற்று. ஆனால் எஞ்சினும் மாறிக்கொண்டே வந்தது. 1967இல் போக்ஸ்வாகன் 1600 காரில் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை வந்தது. 1979இல் எரிபொருளையும் பொறியையும் சேர்த்து ஆளும் மின்னணு மூளை பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் இடம் பெற்றது. நாளடைவில் டிஸ்ட்ரிபியூட்டரே மறைந்தது. அதனால் தண்ணீர்ப் பயம் நீங்கிவிட்டதா? இல்லை; இடம் மாறிற்று. இன்றைய உணர்விகள் பல 5 வோல்ட்டுக்குள் செய்தி அனுப்புபவை. கனெக்டருக்குள் புகுந்த ஒரு துளி நீர் அச்செய்தியைத் திரித்துவிடும். உள்ளேயே தங்கினால், செம்பில் பச்சைக் களிம்பு ஏறிச் சில மாதங்கள் கழித்தும் தொல்லை தரும்.

வண்டிகளைப் பீய்ச்சிக் கழுவுவதைத் தாங்கும் உறைகளுக்கென்றே ஜெர்மனி 1993இல் தனித் தரம் ஒன்றை வகுத்தது. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பீய்ச்சிச் சோதிப்பார்கள். உங்கள் காரிலுள்ள எல்லா உறுப்புகளும் இச்சோதனைக்கு உட்பட்டவை என்று எண்ணிவிடாதீர்கள்.

சூட்டில் ஏன் கழுவக் கூடாது?

மூடிய மின்பெட்டி ஒன்றில் 90 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் காற்று இருப்பதாகக் கொள்வோம்; அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமே. குளிர்ந்த நீர் பட்டு அது 30 டிகிரிக்கு இறங்குகிறது. கெல்வின் அளவில் 363 என்பது 303 ஆகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில், ஆறில் ஒரு பங்கு குறைகிறது. இது 1.7 மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது, ஓர் ஆள் உயர நீரில் அமிழ்த்தினால் எவ்வளவு விசையோடு நீர் புகுமோ, அவ்வளவு விசையோடு பெட்டி தண்ணீரை உறிஞ்சுகிறது! நல்ல ரப்பர் வளையமும் இதற்குத் தோற்கலாம்.

இவற்றை மனத்தில் கொண்டால் கழுவும் முறை தானே விளங்கும். எஞ்சினை நிறுத்தி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். வண்டியின் கையேட்டைப் பார்த்து மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டியின் வாய், ஆல்டர்னேட்டர், மின்பெட்டிகள் ஆகியவற்றைப் பாலிதீன் தாளால் மூடுங்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், நீர் அமுங்காது என்பதால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். பெட்ரோலால் துடைப்பதை அறவே விடுங்கள்; உறைபனிக் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். நீரில் கரையும் அழுக்குநீக்கியைத் தடவி, தூரிகையால் தேய்த்து, அது காயுமுன் குழாய் நீரை மெதுவாக விட்டு அலசுங்கள். துணியால் ஒற்றி எடுத்து, தாள்களை அகற்றி, பானட்டைத் திறந்தபடியே நன்கு உலரவிடுங்கள். அதன்பின் கம்பியைப் பூட்டிக் கிளப்புங்கள். மின்சாரக் கார், ஹைபிரிட் கார் ஆகியவற்றில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் செல்பவை. அவற்றின் பக்கம் போகாமல், வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

காற்று சுருங்குவதை நீங்களே கண்ணால் காணலாம். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீரை ஊற்றிக் கொட்டிவிட்டு உடனே இறுக மூடுங்கள். குழாய் நீரில் காட்டுங்கள். உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் சுருங்க, பாட்டில் நசுங்கும். அம்மூடியில் ஊசித்துளை ஒன்று இருந்து, அது நீரில் அமிழ்ந்திருந்தால் என்ன நடக்கும்? அதையும் செய்து பாருங்கள்.