சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கோயில் எதற்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அதன் அடித்தளமான அதிட்டானத்தைத்தான். அதன் அடுக்குகளான குமுதத்திலும் ஜகதியிலும் ஓடும் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே போனால், அரசன் பெயரும் ஆண்டும் தாண்டி, எங்காவது ஓரிடத்தில் நந்தா விளக்கு வந்துவிடும். இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. கல்வெட்டுத் துறையின் ஆங்கில அறிக்கைகள் அதைப் 'பெர்பெச்சுவல்' விளக்கு என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்த அணையாமைக்குப் பாடுபட்டது யார் என்பது அடுத்த வரிகளில்தான் இருக்கிறது.

ஒரு விளக்குக்கு 96 ஆடு. தொண்டை நாட்டில் 90 என்றும் வரும். அரை விளக்கு வைத்தவர்களும் உண்டு. தானமாக வந்த ஆடுகளைக் கோயிலுக்குள்ளா கட்ட முடியும்? மன்றாடி என்று கல்வெட்டு குறிக்கும் இடையரிடம் ஓட்டிவிடுவார்கள். சந்திர சூரியர் உள்ளவரை அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது கால் நாழி. நாள் கணக்கில் கொஞ்சம்தான். 360 நாளுக்குக் கூட்டினால் 90 நாழி.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாமல் இருக்குமா, மூப்படையாமல் இருக்குமா? கணக்கில் சாகாது. ஈனும் குட்டிகள் இடையருக்கு. செத்ததற்கு ஈடாக அவற்றிலிருந்தே ஒன்றைச் சேர்த்து எண்ணிக்கையை நிறுத்துவதும் அவர் பொறுப்பு. முதல் கரையாது, வட்டி நெய்யாக வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. ஆனால் நோய் விழுந்தாலும், மழை பொய்த்து மேய்ச்சல் காய்ந்தாலும், உழக்கு குறையக் கூடாது. நட்டம் முழுக்க மேய்க்கிறவர் தலையில்.

கொடுத்தவர்கள் பலவகை. அரசிகள், படைத்தலைவர்கள், வணிகர்கள். வேட்டையில் குறி தவறி, அம்பு பட்டு ஒருவர் இறந்துபோனால், எய்தவரைக் கொல்லாமல் கோயிலுக்கு விளக்கு வைக்கச் சொல்லி ஊரார் தீர்த்துவைத்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. செத்தவர் பேரால் ஒரு சுடர், கொன்றவர் செலவில். இந்த வகைக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுவேன். பகை வளராமல் இரண்டு குடும்பமும் ஒரே ஊரில் வாழ வேண்டுமே என்ற கவலை அதில் தெரிகிறது.

இடையர்களைப் பற்றி அதிகம் சொல்வது தஞ்சைப் பெரிய கோயில். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலில், விளக்குக்கு விட்ட கால்நடைகளை யார் யார் ஏற்றார்கள், அவர்கள் எந்த ஊர் என்று ஆள்பெயரோடு வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஏற்றவர் மட்டுமல்ல, அவருடைய உறவுமுறையாரும் நெய்க்குக் கட்டுப்பட்டவர்கள். தாத்தா கை நீட்டி வாங்கிய ஆட்டுக்குப் பேரன் நெய் அளந்திருப்பான். அவன் அளந்ததால்தான் அது நந்தா விளக்கு. அரசனுடைய மெய்க்கீர்த்தியை மேடையில் முழங்கும் நாம், அந்தப் பெயர்களில் ஒன்றையாவது பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா?

சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கல்லும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். கல் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. 'பேராடு' இருந்த வரியில் இப்போது ஒற்றைக் கொம்பும் ஒரு காலும்தான் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. எழுத்துகளை மை ஒற்றித் தாளில் மைப்படி எடுத்திருந்தால் வாசகமாவது மிஞ்சியிருக்கும், எடுக்கவில்லை. தஞ்சை இடையர்களுக்கு அந்தக் கதி இல்லை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அவர்கள் பெயர்கள் அச்சேறியிருக்கின்றன. தமிழாசிரியர் யாராவது ஒரு பக்கத்தை வகுப்பில் உரக்கப் படித்தால் போதும்.